படம் போட்ட ஹூடி: கேமிங் ரசிகர்களுக்கான சரக்கை அறிந்து வாங்குவோம்

பின்னலாடை விற்கும் நம் கடைகளுக்கு அண்மைக்காலமாகப் புதுவகை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் கல்லூரி வயதினர். "ஹூடி இருக்கா?" என்று கேட்பார்கள். எடுத்துப் போட்டால், "இது இல்லைங்க, கேமிங் படம் போட்டது வேணும்" என்பார்கள். இந்தச் சரக்கை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி அடுக்கிக் காட்டுவது, எங்கே கையைச் சுடும் என்பவற்றை இந்தப் பாடத்தில் காண்போம்.

1. வாங்குபவர் யார்?

வீடியோ விளையாட்டை ஆடிக்கொண்டே அதை இணையத்தில் நேரலையாகக் காட்டுபவரை ஸ்ட்ரீமர் என்கிறார்கள். இதற்கென்றே ஏற்பட்ட ட்விட்ச் தளம் 2011இல் தொடங்கியது. 2014இல் அமேசான் அதை வாங்கியது. ஸ்ட்ரீமர் தமது பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டு விற்கும் ஆடைக்கு "மெர்ச்" என்று பெயர். நடிகர் படம் போட்ட பனியனை விற்றுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆள்தான் மாறியிருக்கிறார்.

இவர்களிலும் மெய்நிகர் விளையாட்டு ரசிகர்கள் தனி ரகம். கண்ணை மறைக்கும் கருவியைத் தலையில் மாட்டி, இரண்டு கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்து, பெரும்பாலும் நின்றபடியே ஆடுவார்கள். ஆகுலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். ஆகிய மூன்று கருவிகளும் 2016இல் விற்பனைக்கு வந்தன. 2018இல் வந்த "பீட் சேபர்" விளையாட்டில், பாட்டின் தாளத்துக்கேற்பக் கையை வீசி, எதிரே வரும் கட்டைகளை வெட்ட வேண்டும். சிறிது நேரத்திலேயே வியர்த்துவிடும். உட்கார்ந்து ஆடுபவருக்குப் பொருந்தும் ஹூடி இவருக்குப் பொருந்தாது. விற்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

2. துணி

ஹூடி 1930களில் அமெரிக்காவில் குளிர்பதனக் கிடங்குத் தொழிலாளிகளுக்காக வந்த உடை. சாம்பியன் நிறுவனம் அதை முதலில் தயாரித்ததாகச் சொல்வார்கள். குளிருக்குப் பிறந்த அந்த உடையை நம் ஊர் வெயிலில் விற்கும்போது துணியின் எடைதான் முதல் கேள்வி.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். கணக்கு. உட்புறம் பஞ்சு போலச் சுரண்டிய த்ரீ த்ரெட் ஃபிளீஸ் துணி 300 ஜி.எஸ்.எம். அளவில் இருந்தால் ஊட்டி, கொடைக்கானல் கடைகளுக்கு நன்று. சமவெளிக் கடைகளுக்கும் நின்று ஆடும் ரசிகர்களுக்கும் உட்புறம் சுரண்டாத லூப் நிட் துணி 240 ஜி.எஸ்.எம். அளவில் போதும். திருப்பூரில் இரண்டும் கிடைக்கும். பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்பதைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு பீஸை அளந்து, துவைத்து, காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். நன்றாகச் சுருங்கினால் அந்த லாட் வேண்டாம்.

3. தையல்

மெய்நிகர் ரசிகருக்கு விற்கும்போது நான்கு இடங்களைப் பாருங்கள்.

அ) தொப்பி: தலைக்கருவியின் பட்டை பின்னந்தலையில் வரும். தடித்த இரட்டைத் துணித் தொப்பி அண்ணாந்து பார்க்கும்போது பட்டையில் இடிக்கும். ஒற்றைத் துணித் தொப்பி படிந்து கிடக்கும்.

ஆ) கழுத்து நாடா: நீளமாகத் தொங்கினால் வீசும் கையில் சிக்கும். குட்டையாக இருக்கட்டும். சிறு பிள்ளைகளின் அளவுகளில் நாடாவே வேண்டாம். பிள்ளைகளின் மேலாடையில் நாடா ஆபத்து என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆணையம் 1996இலேயே வழிகாட்டி வெளியிட்டது.

இ) மணிக்கட்டு ரிப்: இறுக்கமாக இல்லாவிட்டால் கை நழுவி வந்து கருவியை மூடும்.

ஈ) தோள்: கையைத் தூக்கினால் இடுப்பு ஏறக்கூடாது. தோள் இறங்கிய தளர்ந்த வெட்டு ஏற்றது.

4. அச்சு

ஒரே படத்தில் பெரிய லாட் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங் மலிவு. பத்து, இருபது பீஸுக்கு டி.டி.எஃப். வசதி, ஸ்கிரீன் செலவு இல்லை. ஆனால் மார்பு முழுக்க டி.டி.எஃப். ஒட்டினால் பிளாஸ்டிக் தாள் போர்த்தியது போலிருக்கும், காற்றுப் புகாது. எனவே முன்புறம் சிறிய சின்னமும், பெரிய படம் முதுகிலும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில்தான் பிடிக்கும்; பருத்தியில் நிற்காது. அச்சைக் கையால் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் சரியாகச் சூடு கொடுக்கவில்லை என்று பொருள்.

5. காட்சிக்கு வைத்தல்

மடித்து அடுக்கினால் முதுகுப் படம் தெரியாது. ஒரு பொம்மைக்கு முதுகு தெரியவும், ஒன்றுக்கு முகம் தெரியவும் போட்டு நிறுத்துங்கள். படம் ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் வெற்று நிறம் என்பதே விதி. படம் போட்ட ஹூடிக்குக் கீழே கறுப்பு ஜாகர் அல்லது வெற்று கார்கோ பேண்ட், உள்ளே வெள்ளை அரைக்கை டி-ஷர்ட் வையுங்கள். படத்தில் உள்ள ஒரு நிறத்தை எடுத்துச் சாக்ஸிலோ தொப்பியிலோ காட்டினால் முழு செட்டாகக் கண்ணில் படும். ஆட்டத்தின் நடுவே வியர்த்தால் ஹூடியைக் கழற்றிவிட்டு டி-ஷர்ட்டோடு ஆடலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பீஸ் வாங்க வந்தவர் இரண்டு வாங்குவார்.

6. சட்டம்

எக்ஸ்போர்ட் மிச்சம் என்று வரும் லாட்டில் வெளிநாட்டு ஸ்ட்ரீமர்களின் சின்னம் இருந்தால் நிதானியுங்கள். சின்னம் பிறருடைய சொத்து. பொய்யான வணிகச் சின்னமுள்ள பொருளை விற்பதற்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 104ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையோடு, தெரியாமல் வாங்கியவர், தமக்குச் சரக்குக் கொடுத்தவரைப் பற்றிய விவரத்தைத் தந்தால் தப்பிக்க அதே பிரிவில் வழி உண்டு. அதற்குக் கையில் பில் வேண்டும். பில் இல்லாத மலிவு, மலிவே அல்ல. பணம் வைத்து ஆடும் செயலிகளின் விளம்பரத்தை 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அவற்றின் பெயர் பொறித்த ஹூடியும் வேண்டாம்.

பாதுகாப்பான வழி, சொந்த டிசைன். உள்ளூர் ஓவியர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, உரிமையை எழுத்தில் பெற்று அச்சிடலாம்.

7. கணக்கு

ஒரு டிசைனில் 60 பீஸ், வரி நீங்கலாக 650 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். முதல் 39,000 ரூபாய். விற்பது 1,100 ரூபாய். 36 பீஸ் விற்றால் 39,600 ரூபாய். அதாவது முதல் 36 பீஸில் போட்ட பணம்தான் திரும்புகிறது. லாபம் முழுவதும் மீதி 24 பீஸில் இருக்கிறது. அதற்குள் ரசிகர்களின் மோகம் மாறினால் நம் லாபம் ரேக்கிலேயே தூங்கும். ஆகவே முதலில் 12 பீஸ் மட்டும் எடுங்கள்: எஸ் 1, எம் 3, எல் 4, எக்ஸ்எல் 3, டபுள் எக்ஸ்எல் 1. விற்ற அளவைப் பார்த்து மறு ஆர்டர் கொடுங்கள். பீஸுக்கு இருபது, முப்பது ரூபாய் கூடினாலும் நஷ்டமில்லை.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,500 ரூபாய் ஹூடி வரியோடு 2,625. 2,600 ரூபாய் ஹூடி வரியோடு 3,068. நாம் கூட்டியது நூறு ரூபாய். வாடிக்கையாளருக்குக் கூடியது 443 ரூபாய்.

பயிற்சி

1) உங்கள் கடையில் உள்ள ஹூடியின் ஜி.எஸ்.எம். எவ்வளவு?
2) படம் போட்ட ஒவ்வொரு சரக்குக்கும் பில் இருக்கிறதா?
3) சென்ற லாட்டில் எத்தனையாவது பீஸில் முதல் திரும்பியது?

மூன்றுக்கும் விடை சொல்ல முடிந்தவர் துணிந்து இந்தச் சரக்கில் இறங்கலாம். முடியாதவர்கள் ஒரு டஜனோடு தொடங்கிப் பழகட்டும்.