துபாஷி தெளிவாக இருந்தால் கணக்கும் தெளிவாக இருக்கும்



சென்னை பாரிமுனைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நம்மில் பலர் அரண்மனைக்காரன் தெருவை, அதாவது ஆர்மீனியன் தெருவை, அறிவோம். அங்கே தேவாலயம் கட்டிய ஆர்மீனியர்கள் நம்மைப் போல் வணிகர்களே. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் சென்னையில்தான் அச்சானது. இன்று ஆர்மீனியாவிலிருந்து ஒருவர் மோட்டார் உதிரிபாகம் கேட்டு வந்தால், அவர் பேச்சை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் துபாஷி என்றோம். அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் மளிகைக்காரருக்கும் பாடம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் வடக்கே துவரம்பருப்பு வாங்க, இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துப் போனோம். பேச்சில் கெட்டிக்காரர், ஆனால் மண்டி தெரியாதவர். விலை சாக்கு எடையோடா, சாக்கு நீக்கியா என்று அவர் கேட்கவில்லை. 200 மூட்டையில், மூட்டைக்கு ஒரு கிலோ வீதம் 200 கிலோ பருப்பு நமக்குக் குறைந்தது. குறை அவர் மீதல்ல, விசாரிக்காத நம் மீதுதான்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. ஆர்மீனிய மொழி இரு வகை. ஆர்மீனியா நாட்டில் பேசுவது கிழக்கு ஆர்மீனியன். லெபனான், சிரியா நாடுகளில் வாழும் ஆர்மீனியர் பேசுவது மேற்கு ஆர்மீனியன். வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேளுங்கள்.

2. ஆர்மீனியா 1991 வரை சோவியத் யூனியனில் இருந்தது. அங்கே பட்டறைகளில் ரஷ்யச் சொற்கள் ஏராளம். எனவே ரஷ்ய மொழியும் தெரிந்தவராக இருப்பது நல்லது.

3. தொழில் தெரிகிறதா என்று சோதியுங்கள். டிஸ்க் பிரேக்குக்குப் பேட், டிரம் பிரேக்குக்கு ஷூ. கிளட்ச் பிளேட் வேறு, பிரஷர் பிளேட் வேறு. இருபது பாகங்களின் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

4. நேரில் பேசுவது ஒரு திறமை. ஒப்பந்தம் எழுதுவது வேறொரு திறமை. இரண்டுக்கும் ஒருவரே போதும் என்று எண்ண வேண்டாம்.

5. எதிர்த்தரப்பார் அழைத்து வரும் ஆளை மட்டும் நம்பாமல், நம் கூலியில் நமக்கென ஒருவரை வையுங்கள்.

6. பேசி முடித்ததும் பார்ட் நம்பர், எண்ணிக்கை, விலை மூன்றையும் இலக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இலக்கத்துக்குத் துபாஷி தேவையில்லை.

துபாஷிக்குக் கொடுக்கும் கூலி செலவல்ல, முதலீடு.