காரில் கழற்றிய ஆர்.பி.எம். மீட்டர் பழைய மோட்டார் சைக்கிளில் சரியாகக் காட்டுமா?

தொழில் அறிவுப் பாடம்



2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களுக்கும் விலை ஏறியதை நாம் எல்லோரும் அறிவோம். 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும், புதியது வாங்குவது நமது குடும்பங்களுக்கு இலேசான காரியமில்லை. ஆகவே இருக்கிற பழைய பைக்கைத்தான் காப்பாற்றி ஓட்ட வேண்டியிருக்கிறது. கொழுந்து மடுவம் தொடங்கி டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் வீட்டுக்கு அதுதான் வாகனம். அதன் எஞ்சின் கெட்டால் பிஸ்டன், ரிங், போர் என்று செலவு எங்கே போய் நிற்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது நமது தம்பிமார் சிலர் பஞ்சிகாவத்தையிலோ, கராஜில் உடைத்துப் போட்ட காரிலோ ஒரு ஆர்.பி.எம். மீட்டரைத் தேடி வாங்கி வருகிறார்கள். அண்மையில் ஒரு தம்பி அப்படி ஒன்றைக் கொண்டு வந்து, "சேர், இத பைக்ல மாட்டினா எஞ்சின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு தெரியும் தானே?" என்று கேட்டார். தெரியும், ஆனால் மாட்டியவுடன் அது காட்டுவது உண்மையாக இருக்காது. மீட்டர் இல்லாத பைக்கில் காது எச்சரிக்கும். பொய் காட்டும் மீட்டர் உள்ள பைக்கில், காது சொல்வதைக்கூட ஓட்டுபவர் நம்பமாட்டார். இந்தப் பாடத்தில் அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது, அதை எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

எஞ்சின் சுற்றுவதை இந்த மீட்டர் நேரே பார்ப்பதில்லை. கொயிலில் இருந்து ஒரு வயர் மீட்டருக்கு வருகிறது. பொயின்ட் திறக்கும்போதெல்லாம், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும்போதெல்லாம், அந்த வயரில் ஒரு துடிப்பு வரும். மீட்டர் அந்தத் துடிப்புகளைத்தான் எண்ணுகிறது. நான்கு சிலிண்டர் பெற்றோல் காரில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பொறி வீதம் 4 பொறி. ஆகவே காருக்குச் செய்த மீட்டர், "4 துடிப்பு வந்தால் 2 சுற்று" என்று கணக்குப் போட்டுக் காட்டும்படி செய்யப்பட்டிருக்கிறது. எந்த வாகனத்தில் மாட்டினாலும் அதே கணக்கைத்தான் போடும். பாவம், அதற்கு வேறு கணக்குத் தெரியாது.

மோட்டார் சைக்கிளில் கணக்கு வேறு. ஹொண்டா சீ.டி. 175 போல இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்குகிற, ஒரே கொயில் உள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. இரண்டு சுற்றுக்கு 2. அப்படியென்றால் கார் மீட்டர் பாதிதான் காட்டும். இரண்டு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினிலும் இதே கதைதான். ரோயல் என்பீல்ட் புல்லட்டில் பொயின்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு பொறி. அங்கே மீட்டர் கால்வாசிதான் காட்டும்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். சாதாரணக் கார் மீட்டரில் 6000க்கு அண்மையில் சிவப்புக் கோடு இருக்கும். சீ.டி. 175 எஞ்சின் 10,000 சுற்றில் அலறிக்கொண்டிருக்கும்போது முள் 5000இல் நிற்கும். சிவப்புக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்துத் தம்பி இன்னும் அக்சிலேட்டரை முறுக்குவார். ஏற்றத்தில் பின்னால் ஆளையும் ஏற்றி, முதல் கியரில் இப்படி ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் எத்தனை நாள் தாங்கும்? புல்லட்டில் இன்னும் மோசம். 5600 சுற்று ஓடும்போது முள் 1400இல்தான் நிற்கும், எஞ்சின் சும்மா ஸ்லோவில் நிற்பதுபோல.

உங்கள் பைக்கில் எத்தனை பொறி என்று ஆள் சொல்லிக் கேட்காமல் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். சாவியை ஓஃப் செய்து, பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி விடுங்கள். பொயின்ட் மூடியைத் திறவுங்கள். குளிர்பானம் குடிக்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பிளக் துவாரத்தில் பிஸ்டன் மேல் நிற்கும்படி விட்டு, கையை எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். டொப் கியரில் போட்டு, பின் சில்லை முன்புறமாக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். (இதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடுங்கள், அவர்களும் படிக்கட்டும்.) குழாய் ஒருமுறை மேலே வந்தால் ஒரு சுற்று. இரண்டுமுறை மேலே வருவதற்குள் பொயின்ட் எத்தனை தரம் திறக்கிறது என்று எண்ணுங்கள். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைப் பொயின்டுக்கு நடுவில் வைத்து இலேசாக இழுத்துப் பிடியுங்கள். திறக்கும்போது கடதாசி விட்டுக்கொடுக்கும். இரண்டு பொயின்ட், இரண்டு கொயில் உள்ள பைக்கானால் மீட்டர் வயர் கொடுக்கப்போகும் ஒன்றை மட்டும் எண்ண வேண்டும்.

வந்த எண்ணால் 4ஐப் பிரியுங்கள். 2 தரம் திறந்தால் விடை 2. மீட்டர் காட்டுவதை இரண்டால் பெருக்க வேண்டும். 1 தரம் என்றால் நான்கால் பெருக்க வேண்டும். பாடத்தின் உயிர் இந்தக் கணக்குத்தான்.

இந்த வேலை பொயின்ட், கொயில், 12 வோல்ட் பெட்டரி உள்ள பைக்குக்கே பொருந்தும். 6 வோல்ட் பைக்கில் கார் மீட்டர் வேலை செய்யாது. சீ.டி. 175இலேயே கம்பனி கொடுத்தது 6 வோல்ட்தான். 12க்கு மாற்றியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். பெட்டரி பியூஸைக் கழற்றி, லைட் ஓஃபில் வைத்துக் கிக் அடித்துப் பாருங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகுமானால் அது மெக்னற்றில் ஓடுவது, விட்டுவிடுங்கள். சீ.டி.ஐ. பெட்டி உள்ள பைக்கும் அப்படித்தான். அந்தப் பெட்டியில் இருந்து கொயிலுக்குப் போகும் வயரில் 200 வோல்ட்டுக்கு மேல் பாயும். மீட்டரும் போகும், கையும் சுடும். இன்னொன்று, பழைய மொரிஸ், ஒஸ்டின் கார்களில் கழற்றிய ஸ்மித்ஸ் மீட்டரின் முகத்தில் ஆர்.வி.ஐ. என்று அச்சடித்திருந்தால் அது வேறு ஜாதி. கொயிலுக்குப் போகும் மின்சாரமே அதன் ஊடாகப் போக வேண்டும். ஆர்.வி.சி. என்றிருப்பது நாம் இங்கே சொல்லும் வகை. அந்தக் காலத்து மீட்டர்களில் பொடிக்குப் பொசிட்டிவ் கொடுத்தவையும் உண்டு, அதையும் விசாரித்து வாங்குங்கள்.

இனித் திருத்துவது. மீட்டரின் பின்னால் 4, 6, 8 என்று சிலிண்டர் சுவிட்ச் இருந்தால் 4இலேயே வையுங்கள். மற்றவற்றில் போட்டால் இன்னும் குறைத்துக் காட்டும். 1, 2 என்றும் இருக்கிற மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இரண்டு வழி.

இரண்டால் பெருக்க வேண்டிய பைக்குக்கு முகத்தை மாற்றி எழுதுவதே நல்லது என்பது நமது அபிப்பிராயம். கண்ணாடியைக் கழற்றி, முள்ளில் கை படாமல், 1 இருக்கும் இடத்தில் 2, 2இல் 4, 5இல் 10 என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பழைய சிவப்புக் கோட்டைக் கறுப்பு பெயின்டால் மறைத்து, பைக் புத்தகத்தில் சொல்லியிருக்கும் எல்லைக்குப் புதுக் கோடு போடுங்கள். செலவு ஒன்றுமில்லை, உள்ளே எதையும் நோண்டவில்லை, 10,000 சுற்றையும் காட்ட இடம் இருக்கிறது.

புல்லட் போல நான்கால் பெருக்குவதற்கு இது சரிவராது. முழு ஓட்டத்தையும் முள் முகத்தின் ஒரு மூலையிலேயே காட்டிவிடும். அதற்கு உள்ளே கைவைக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் முள்ளுக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் கொடுப்பது என்பதை ஒரு தடையியும் ஒரு கொண்டென்சரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. (பாடசாலைப் புத்தகத்தில் கொள்ளளவி என்பது இதுதான்.) அதே அளவுக் கொண்டென்சர் இன்னும் மூன்றை அதற்குப் பக்கத்தில் சமாந்தரமாகச் சேர்த்தால் அளவு நான்கு மடங்காகும், முள்ளும் நான்கு மடங்கு காட்டும். எது அந்தக் கொண்டென்சர் என்று கண்டுபிடிக்க ரேடியோ திருத்துபவர் ஒருவரிடம் கொடுங்கள். பொலியெஸ்டர் வகை போடச் சொல்லுங்கள். மலிவான செரமிக் வகைகளில் பல, வெயிலுக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாகக் காட்டும். உள்ளே இருக்கும் சிறு திருகு கடைசியில் கொஞ்சம் சரிப்படுத்துவதற்கு மட்டுமே. அதைத் திருகியே நான்கு மடங்காக்க முடியாது.

மீட்டர் சரியா என்று பார்க்கத் தராசுக்குப் படிக்கல் வேண்டாமா? அது நமது வீட்டிலேயே இருக்கிறது. இலங்கை மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 தரம் துடிக்கிறது. 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமரின் ஒரு முனையில் ஒரு டயோட்டைப் போட்டு, டயோட்டின் மறுபுறத்தை மீட்டரின் துடிப்பு வயருக்கும், டிரான்ஸ்போமரின் மற்ற முனையை மீட்டரின் நெகட்டிவுக்கும் கொடுங்கள். துடிப்பு வயருக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் 1000 ஓம், அரை வாட் தடையி ஒன்று இருக்கட்டும். மீட்டர் ஓடுவதற்குப் பெட்டரியில் இருந்து கொடுக்க வேண்டும். இப்போது நிமிடத்துக்கு 3000 துடிப்பு. மாற்றாத கார் மீட்டர் 1500 காட்ட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பின் அதே இடத்தில் 3000 என்று இருக்கும். நான்கு மடங்காக்கிய மீட்டர் 6000 காட்ட வேண்டும். மீட்டரை வாங்கியவுடன், ஒன்றும் மாற்றுவதற்கு முன்பே ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். சில மீட்டர்கள் 12 வோல்ட்டுக்கு அசையாது. அவை கொயிலின் பலத்த துடிப்பை எதிர்பார்ப்பவை, பழுது என்று எறிந்துவிட வேண்டாம். பிளக் பொயின்டில் இருந்து நேரே வயர் இழுத்துப் பார்க்கும் விளையாட்டு மட்டும் ஒருபோதும் கூடாது. லயத்துக்குள் அது சாவில் முடியும்.

பைக்கில் வயர் கொடுப்பது மூன்று. சாவிக்குப் பிறகு வரும் பொசிட்டிவில் இருந்து 1 அம்பியர் பியூஸ் ஊடாக ஒன்று, பொடிக்கு ஒன்று, கொயிலின் நெகட்டிவ் முனையில், அதாவது பொயின்டுக்குப் போகும் பக்கத்தில், ஒன்று. இந்த மூன்றாவது வயர்தான் ஆளைக் கவிழ்ப்பது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் அது உரசித் தோல் உரிந்து பொடியில் பட்டால் பொறி உடனே நிற்கும். இருட்டில், வளைவில், பின்னால் லொறி வரும்போது எஞ்சின் நின்றால் என்னவாகும்? அதனால் கொயிலுக்குப் பக்கத்திலேயே 10,000 ஓம் தடையி ஒன்றை அந்த வயரில் சேர்த்து விடுங்கள். அதற்கப்பால் வயர் எங்கே பட்டாலும் முள் விழும், எஞ்சின் ஓடும். தடையி போட்டதும் முள் அசையவில்லை என்றால் கொஞ்சம் குறைந்த ஓம் போட்டுப் பார்க்கலாம். வயரை ரப்பர் குழாய்க்குள் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே கட்டுங்கள்.

கார் மீட்டர் மழையில் நனைவதற்குச் செய்ததல்ல. நமது பக்கத்து மூடுபனிக்கு இரண்டு மாதத்தில் கண்ணாடிக்குள் வேர்த்துவிடும். பழைய டியூபில் வளையம் வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் இறுக்கி, கீழ்ப்பக்கம் மட்டும் ஊசித் துவாரம் ஒன்று விடுங்கள். மீட்டரைப் பிடிக்கும் தகட்டுக்கும் அடியில் டியூப் ரப்பர் வைக்காவிட்டால் அதிர்ச்சியில் முள் நடுங்கியே பழுதாகும்.

ஒழுங்காகப் பூட்டிய மீட்டருக்கு இன்னொரு பிரயோசனம் இருக்கிறது. ஓடும்போது எஞ்சின் இடறினால் முள்ளைப் பாருங்கள். சில்லு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால், துடிப்பு வரவில்லை என்று அர்த்தம்: பொயின்ட், கொயிலுக்குப் போகும் வயர், சாவி சுவிட்ச் ஆகியவற்றைத் தேடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து முள் மெதுவாக இறங்கினால் பொயின்டில் குறையிருக்காது. முதலில் பெற்றோல் வருகிறதா என்று பாருங்கள், பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். முள் அங்குமிங்கும் துள்ளினால் பெரும்பாலும் பொயின்ட் கருகியிருக்கும், அல்லது அதன் கொண்டென்சர் போயிருக்கும். கராஜ் பாஸிடம் போகும்போது முள் எப்படி விழுந்தது என்று சொல்லுங்கள். அவர் தேடும் நேரமும் குறையும், உங்கள் காசும் குறையும்.