இருக்கையைப் பார்த்துவிட்டுப் பாயின்டைத் தொடுங்கள்

கிரெடிட் கார்டில் சேரும் பாயின்டுகளை நம்மில் பலர் வவுச்சர், மிக்ஸி, டிராலி பெட்டி என்று கரைத்துவிடுகிறோம். அதே பாயின்டுகளுக்கு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகும் பிசினஸ் கிளாஸ் இருக்கை கிடைக்கும் என்பது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் குழப்பம். கார்டு வாங்கு, பாயின்ட் சேர், விமான நிறுவனக் கணக்குக்கு மாற்று, கடைசியாக சீட் தேடு என்றுதான் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இந்த வரிசையில் போனால், மாற்றிய பாயின்டுகள் ஏதோ ஒரு விமானக் கணக்கில் முடங்கிக் கிடக்கும். வேண்டிய நாளில் இருக்கை இருக்காது. தேடல் முதலில் வரவேண்டும், மாற்றுவது கடைசியில்.

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் மெல்போர்னில். மகன் சென்னையில், நல்ல கார்டு அவர் கையில். அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவை மகளிடம் அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து மெல்போர்ன் ஏழு மணி நேரத்துக்கு மேல். பாயின்டைச் செலவழிக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த வழி?

மேல் வகுப்புக்குப் போக இரண்டு வழிகள். பணம் கொடுத்து எகானமி டிக்கெட் வாங்கி, மைல் கொடுத்து அதை பிசினஸாக உயர்த்திக்கொள்வது ஒன்று. முழுக்க மைலிலேயே பிசினஸ் டிக்கெட் எடுப்பது இன்னொன்று.

முதல் வழி சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அதில் கண்ணிகள் அதிகம். மலிவான எகானமி கட்டணங்கள் பலவற்றை மைல் கொடுத்து உயர்த்தவே முடியாது. அதற்குத் தகுதியான கட்டணத்தில் வாங்கும்போதே சில ஆயிரம் ரூபாய் கூடிவிடும். டிக்கெட் வாங்கிய பிறகும் உயர்த்துவதற்கான இருக்கை அந்த விமானத்தில் திறந்திருக்க வேண்டும். அலுவலகம் எடுத்துக்கொடுக்கும் டிக்கெட் என்றால் இந்த வழியை யோசிக்கலாம். சொந்தச் செலவு என்றால் நேராக இரண்டாவது வழிக்கு வந்துவிடுங்கள்.

கணக்கு போடுவது எப்படி

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது: பிசினஸ் கட்டணத்திலிருந்து வரியைக் கழித்து, மீதியை மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவழிக் கட்டணம் 1,60,000 ரூபாய், மைல் டிக்கெட்டில் கட்டவேண்டிய வரி 12,000 ரூபாய், கேட்கும் மைல் 80,000 என்று வைத்துக்கொள்வோம். 1,48,000-ஐ 80,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1 ரூபாய் 85 பைசா. பிரமாதம் என்று தோன்றும்.

இந்தக் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. அந்த 1,60,000 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கவே மாட்டீர்கள். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும்: இந்தப் பாயின்டை வேறு எதற்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஹெச்டிஎஃப்சி இன்ஃபினியா கார்டில் ஒரு பாயின்டை பில்லில் கழித்துக்கொண்டால் 30 பைசாதான். வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமானம், ஹோட்டல் பதிவு செய்தால் அதே பாயின்ட் 1 ரூபாய். அப்படியானால் 80,000 பாயின்ட் உங்களுக்கு 80,000 ரூபாய். வரியையும் சேர்த்தால் அந்த இருக்கைக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது 92,000 ரூபாய். அம்மாவின் முழங்காலுக்கு அது தகும் என்றால் தயங்காமல் எடுங்கள். முப்பது வயதில் நான்கு மணி நேரப் பயணத்துக்கு அதே அளவில் பாயின்டைக் கொட்டுவது, என்னைக் கேட்டால், வீண்.

தேடல்

இந்தப் பாதைக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் க்ரிஸ்ஃபிளையர் திட்டம்தான் இயல்பானது. இந்த நிறுவனம் தன் தொலைதூர பிசினஸ் இருக்கைகளைக் கூட்டாளி நிறுவனங்களின் மைல்களுக்கு அரிதாகவே திறந்துவிடும். ஆகவே இந்த விமானத்தில் போவதாக இருந்தால் இந்த நிறுவனத்தின் மைலே தேவை. கணக்கு தொடங்கப் பணம் வேண்டாம், இன்றே தொடங்கிவிடுங்கள்.

தளத்தில் பணத்துக்குப் பதில் மைல் என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். சேவர், அட்வான்டேஜ் என்று தனித்தனி விலைகள் வரும். நமக்கு வேண்டியது சேவர். அட்வான்டேஜில் இருக்கை சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கேட்கும் மைல் வெகுவாகக் கூடும். 2025 நவம்பர் முதல் அக்சஸ் என்று இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. அதன் விலை தேவையைப் பொறுத்து ஏறும், இறங்கும். மற்ற கதவெல்லாம் மூடிய பிறகு மட்டும் அதைப் பாருங்கள். சேவரில் 'வெயிட்லிஸ்ட்' என்று காட்டினால் அதை இருக்கையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ரயிலின் காத்திருப்புப் பட்டியல் போல நகரும் எண் எதுவும் அதில் தெரியாது. பயண நாள் நெருங்கும்வரை பதிலே வராமலும் போகலாம்.

போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக ஒருவழி டிக்கெட்டாகத் தேடுவது நல்லது. இருக்கைகள் பயணத்துக்கு 355 நாள் முன்பாகத் திறக்கின்றன. போகும் தேதிக்குத் திறந்த அன்று, மூன்று மாதம் கழித்துத் திரும்பும் தேதிக்குத் திறந்திருக்காது. இரண்டையும் சேர்த்து எடுக்கக் காத்திருந்தால் போகும் இருக்கை பறிபோகும். முழுப் பாதையாகத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், சென்னை–சிங்கப்பூர், சிங்கப்பூர்–மெல்போர்ன் என்று பிரித்துத் தேடிப் பாருங்கள். எந்தத் துண்டில் அடைப்பு என்று புரிந்துவிடும். பெரும்பாலும் நீண்ட துண்டில்தான் இருக்கும். ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மைல் கூடும், இணைப்பு விமானம் தவறினாலும் பொறுப்பு உங்களுடையது.

தேதியைப் பொறுத்தவரை பெற்றோருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: விடுப்பு கேட்கவேண்டிய அவசியம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அப்போது சேவர் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். பேரன் பேத்திக்கு விடுமுறை இருக்கும்போதுதான் வரவேண்டும் என்று மகள் சொல்லலாம். அதைக் கொஞ்சம் பேசித் தீர்த்துவிட்டு பிப்ரவரி, மார்ச், மே என்று தேடுங்கள். கிடைத்த தேதிகளில் குறைந்தது மூன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கார்டில் 'ஆர். கார்த்திக்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். பழைய பாஸ்போர்ட்டாக இருந்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும். மைல் கணக்கை எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள். குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. உறுப்பினர் சேவைக்குப் பேசி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு அப்படியே நிரப்புங்கள். வங்கி ஆவணத்தில் உள்ள பெயருக்கும் மைல் கணக்கில் உள்ள பெயருக்கும் வெகுவான வித்தியாசம் இருந்தால் பாயின்ட் மாற்றம் திரும்பிவிடக்கூடும். ஆகவே இதை நிதானமாக, பயணம் முடிவாவதற்கு மாதங்களுக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

பாயின்டுகள் பெரும்பாலும் கார்டுதாரரின் சொந்த மைல் கணக்குக்குத்தான் போகும். மகனின் கணக்கிலிருந்து பெற்றோருக்கு டிக்கெட் எடுக்க, அவர்களை க்ரிஸ்ஃபிளையரில் நாமினிகளாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர்வரை சேர்க்கலாம். அவர்கள் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து.

எத்தனை பாயின்ட், எவ்வளவு செலவு

விளம்பரத்தில் வரும் எண்ணைப் பார்க்காதீர்கள். 100 ரூபாய் செலவுக்குக் கடைசியில் எத்தனை மைல் என்று பாருங்கள். இதை எழுதும்போது இன்ஃபினியாவில் 150 ரூபாய்க்கு 5 பாயின்ட். ஒரு பாயின்ட் ஒரு க்ரிஸ்ஃபிளையர் மைல். ஆக்சிஸ் வங்கியின் அட்லஸ் கார்டில் 100 ரூபாய்க்கு 2 எட்ஜ் மைல் மட்டுமே. ஆனால் ஒரு எட்ஜ் மைல் இரண்டு விமான மைலாகும். அதாவது 100 ரூபாய்க்கு முதலாவதில் சுமார் 3.3 மைல், இரண்டாவதில் 4. பயணச் செலவுகளுக்கு இரண்டிலுமே கூடுதல் பாயின்ட் உண்டு. பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்கு அநேகமாக ஒன்றும் கிடைக்காது. ஆக்சிஸில் ஆண்டுக்கு எத்தனை மைல் மாற்றலாம் என்பதற்கு உச்சவரம்பும் உண்டு.

இப்போது கசப்பான கணக்கு. மாதம் 30,000 ரூபாய் கார்டில் செலவு செய்பவருக்கு, இன்ஃபினியாவின் அடிப்படை விகிதத்தில் ஆண்டுக்கு 12,000 மைல்தான். இரண்டு பேருக்கு ஒருவழி பிசினஸ் என்பது பதிமூன்று ஆண்டுக் கனவு. அவருக்கு நேரடி கேஷ்பேக் கார்டே நல்லது. குடும்பச் செலவு, பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், அலுவலகப் பயணம் எல்லாம் ஒரே கார்டில் ஓடும் வீட்டுக்குத்தான் இந்த வழி பலன் தரும். ஒரு மாத பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டாலும் பல கார்டுகளில் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை சதவீத வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பாயின்டில் வந்தது அங்கேயே போய்விடும்.

மாற்றும் நாள்

சேவர் இருக்கை கண்ணில் பட்டாயிற்று, பெயர்கள் சரி, மாற்றுத் தேதிகள் கையில். இப்போதுதான் வங்கித் தளத்துக்குப் போகவேண்டும். உறுப்பினர் எண்ணை இருமுறை சரிபாருங்கள். மாற்றியதைத் திரும்பப் பெற வழியே இல்லை. வந்து சேர சில சமயம் நிமிடங்கள், சில சமயம் சில நாட்கள் ஆகும். அதுவரை தினமும் இருக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மைல் விழுந்ததும் அன்றே பதிவு செய்துவிட வேண்டும்; மாமாவிடம் நல்ல நாள் கேட்பதையெல்லாம் மாற்றுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பாயின்டை வங்கியிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு என்றாலும், வருடக்கணக்கில் சேமித்துவைப்பதும் தவறு. மேலே சொன்ன 2025 நவம்பரில் அக்சஸ் வந்தபோதே க்ரிஸ்ஃபிளையர் பல பாதைகளுக்குக் கேட்கும் மைலையும் உயர்த்தியது. வங்கிகளும் விகிதத்தைக் குறைக்கும். பாயின்டுக்கு வட்டி கிடையாது, மதிப்பு இறங்க மட்டுமே செய்யும்.

லண்டன் என்றால்

பாதை மாறினால் நிறுவனமும் மாறும். சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடியாகப் பறக்கிறது. அதன் மைலுக்குப் பெயர் அவியோஸ். கத்தார் ஏர்வேஸும் ஃபின்ஏரும் அதே அவியோஸைப் பயன்படுத்துவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்திக்கொள்ளலாம். தொலைதூர விமானம் ஒவ்வொன்றிலும் பிசினஸில் குறைந்தது நான்கு அவியோஸ் இருக்கைகளைத் தருவதாக பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுதி சொல்கிறது. அவை 355 நாள் முன்பு, லண்டன் நள்ளிரவில் திறக்கும். நமக்கு அது அதிகாலை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. காபி போடும் நேரம்தான், சிரமமில்லை.

இங்கே வரியைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017-லேயே நீக்கிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் கூடுதல் கட்டணம் கணிசம். அதற்கும் மேல், பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிக்கு அந்நாட்டு அரசின் விமான வரி உண்டு. இந்தியா அளவு தூரத்துக்கு பிசினஸில் அது 200 பவுண்டைத் தாண்டும், எகானமியில் அதில் பாதிகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் புறப்பாட்டுக் கட்டணம் எந்த வகுப்பானாலும் ஒன்றே, 70 ஆஸ்திரேலிய டாலர். ஆகவே லண்டனுக்குப் போகும்போது மட்டும் பிசினஸ், திரும்பும்போது எகானமி என்று பலர் முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

டிக்கெட் கைக்கு வந்தபின்

பதிவு எண்ணை வைத்து நிறுவனத் தளத்தில் இருக்கை எண்களைத் தேர்ந்தெடுங்கள். இருவருக்கும் சைவ உணவு வேண்டுமானால் அப்போதே குறித்துவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. அம்மாவுக்கு சக்கர நாற்காலி சென்னை, சிங்கப்பூர், மெல்போர்ன் என மூன்று இடங்களிலும் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை போனில் கேளுங்கள். சிங்கப்பூரில் இடைவேளை நீண்டதாக இருந்தால் பிசினஸ் டிக்கெட்டுக்கே சில்வர்கிரிஸ் லவுஞ்ச் உண்டு. தனி அனுமதி வேண்டாம் என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார்.

திட்டம் மாறி டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு கட்டணம் போக மைல்கள் கணக்குக்குத் திரும்பும், வங்கிக்கு அல்ல. க்ரிஸ்ஃபிளையர் மைலின் ஆயுள் 36 மாதம். ரத்து செய்வதற்குள் காலாவதியாகிவிட்ட மைல்கள் மீண்டும் உயிர் பெறாது. மிச்சம் கிடக்கும் மைல்களின் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துவிட்டு, திரும்பும் இருக்கைக்கான தேடலை அன்றே தொடங்குங்கள்.