ஆட்டோ சீட்டுக்கு வரி வைத்த உறை: முதலில் தைத்து, பிறகு வெட்டுங்கள்

வீட்டில் தையல் மெஷின் இருக்கும்போது ஆட்டோ சீட்டைக் குஷன் கடைக்குக் கொண்டுபோய் ஏன் காசு கொடுக்க வேண்டும்? எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் நினைத்தார். நினைத்தது சரிதான். லீசிங் கட்டுகிறவருக்கு ஒவ்வொரு ரூபாவும் கணக்கு. டவுனில் ரெக்சினும் ஸ்பொஞ்சும் வாங்கி வந்து, பின் சீட்டை அளந்து, அந்த அளவுக்கே வெட்டி மனைவியிடம் கொடுத்தார். அந்தத் தங்கச்சி பகலில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இரண்டு இரவு கண்விழித்துத் தைத்தது. மாட்டிப் பார்த்தால் மூன்றரை அங்குலம் போதவில்லை. "ஒனக்குத் தைக்கத் தெரியல" என்று ஒரே சத்தம். விஷயம் என் காதுக்கு வந்து, போய்ப் பார்த்தேன். தையலில் ஒரு குறையும் இல்லை. பிழை வெட்டியவர் கையில்.

வரி வைத்த உறை என்றால் ரெக்சினுக்குக் கீழே அரை அங்குல ஸ்பொஞ், அதற்குக் கீழே ஒரு மெல்லிய துணி. மூன்றையும் சேர்த்து நேர்நேராகத் தைப்போம். தையல் விழுந்த இடம் அமுங்கும், நடுவில் புடைக்கும். ரெக்சின் மேலே ஏறி இறங்குவதால் அகலம் குறைந்துவிடும். எவ்வளவு குறையும் என்பது ஸ்பொஞ்சைப் பொறுத்தது. ஆகவே முதலில் ஒரு துண்டில் தைத்து அளந்து பாருங்கள்.

நாங்கள் அப்படிச் செய்து பார்த்தோம். 2 அங்குல வரி ஐந்து, மொத்தம் 10 அங்குலம் கோடு போட்டுத் தைத்தோம். தைத்தபின் 9¼ அங்குலம்தான் இருந்தது. அப்படியென்றால் ஒரு வரி 1.85 அங்குலம். சீட்டு 48 அங்குலம் என்றால் 24 வரி போதாது, 26 வேண்டும். அதற்கு 52 அங்குல ரெக்சின், இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை அங்குலம், ஆக 53. ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருவதால் ஒட்டுப்போடாமலே முடியும். முன்பின் நீளத்திலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள். வரி முழுவதும் தைத்து முடித்த பிறகுதான் பழைய உறையை மேலே வைத்துச் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும்.

கோடு போட சோக் கட்டி எடுங்கள். பேனை வேண்டாம், மை ரெக்சினில் ஊறினால் போகாது. குண்டூசியும் குத்தாதீர்கள், துணியில் குத்தின ஓட்டை மறையும், இதில் மறையாது. அதனால்தான் பிரித்துத் தைக்கவும் முடியாது. உடுப்புக் கவ்வும் கிளிப் போதும். நடுக்கோட்டில் தொடங்கி இரு பக்கமும் போங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தைக்க வேண்டும். ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து என்று தைத்தால் உறை கோணிப் போகும்.

ஊசி 16 அல்லது 18ஆம் நம்பர். தோலுக்கென்று விற்கிற ஊசியின் நுனி கத்தி மாதிரி வெட்டும், அது அசல் தோலுக்கு மட்டும். அங்குலத்துக்கு 6 அல்லது 7 தையல் போதும். நெருக்கித் தைத்தால் முத்திரை கிழிகிற மாதிரி அந்த வரியோடு கிழியும். நூல் நைலோன் அல்லது பொலியெஸ்டர். நம் மலைநாட்டு மழைக்கும் பனிக்கும் பருத்தி நூல் இற்றுவிடும். மெஷின் கால் ரெக்சினில் ஒட்டி இழுத்தால் கொஞ்சம் பேபி பவுடர் தடவுங்கள். கனமான இடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஊசி முறியும்.

வரி முன்பின்னாக ஓட வேண்டும். குறுக்காக வைத்தால் மழைத் தண்ணீரும் தூசியும் பள்ளத்தில் நிற்கும். எப்படித் தைத்தாலும் ஊசி ஓட்டை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். ஆகவே உறைக்கும் சீட்டின் பெரிய ஸ்பொஞ்சுக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் விரியுங்கள். நனைந்த ஸ்பொஞ் நாறினால் ஹயர் போகிறவர்கள் அடுத்த ஆட்டோவைப் பார்ப்பார்கள்.

அந்தத் தம்பி மறுபடி ரெக்சின் வாங்கினார். இந்தத் தடவை வரி தைத்து முடியும்வரை கத்தரிக்கோலைத் தொட அந்தத் தங்கச்சி விடவில்லை. முதல் உறையை வீசவில்லை. அதை வெட்டி டிரைவர் சீட்டுக்குப் போட்டார்கள், மிச்சத் துண்டு பெட்டி மூடிக்குச் சரியாக வந்தது.