வயல் வேலையில் மின்சாரம் தாக்கினால் இழப்பீடு பெறுவது எப்படி?

விருத்தாசலம் வட்டாரத்தில் மணிலாவுக்கும் கரும்புக்கும் தண்ணீர் பாய்ச்சும் விவசாயி, மண்வெட்டிக்கு அடுத்தபடி அதிகம் தொடும் கருவி மோட்டார் ஸ்டார்ட்டர்தான். ஈரக் கையோடும் வெறுங்காலோடும், பல நேரங்களில் இருட்டிலும் அதைத் தொட வேண்டியிருக்கிறது. விபத்து நடந்த பிறகு ஊரில் அனுதாபத்துக்குக் குறைவில்லை. ஆனால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணத்தை யாரிடம், எந்தக் காகிதத்தைக் கொண்டு, எத்தனை நாளுக்குள் கேட்பது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் பல.

முதலில், மின்சாரம் எந்த இடத்தில் தாக்கியது என்று பார்க்க வேண்டும். மின்வாரியத்தின் கம்பம், கம்பி, மின்மாற்றி ஆகியவற்றால் விபத்து நேர்ந்தால் பொறுப்பு மின்வாரியத்தைச் சேரும் (2024ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது). மீட்டருக்கு இப்பாலுள்ள ஒயர், ஸ்டார்ட்டர், மோட்டார் ஆகியவை நிலத்துக்காரருடைய பொறுப்பு. இந்த எல்லைக்கோடு புரியாமல் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு ஓராண்டு காத்திருப்பதால் பயனில்லை.

மின்வாரியக் கம்பி அறுந்து விழுந்தால்

மழைக்காலத்தில் இத்தகைய விபத்துகள் மிகுதி. செராமிக் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலத்தில் பீங்கானின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான் கம்பத்தின் உச்சியில் கம்பியைப் பீங்கான் மேல் கட்டுகிறார்கள். பீங்கானில் விரிசல் விட்டு மழைநீர் இறங்கினால் கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் மின்சாரம் இறங்கிவிடும். வரப்பிலுள்ள ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டும் வழக்கத்தை இதற்காகவே கைவிட வேண்டும்.

அறுந்த கம்பியால் இறந்தவர் குடும்பத்துக்கு மிகவும் உதவக்கூடியது, மத்தியப் பிரதேச மின்சார வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியில் அளித்த தீர்ப்பு. மழை பெய்திருந்த சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பி, 1997 ஆகஸ்டில் சைக்கிளில் வந்த ஒருவரின் உயிரைக் குடித்தது. யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி அறுந்தது என்று வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாளுகிற நிறுவனம், தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும், அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டத்தில் இதைக் கடும் பொறுப்பு என்பர். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்தப் பொறுப்பு குறைந்துவிடாது.

இதில் ஒரு நெளிவு உண்டு. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால் உடனே பணம் கிடைத்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். விபத்து எப்படி நடந்தது என்பதிலேயே தகராறு இருந்தால் ரிட் மனு உரிய வழியல்ல என்று தமிழ்நாடு மின்சார வாரியம் தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்போது சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். உயிரிழப்புக்கான சிவில் வழக்கை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். மனு நிலுவையில் இருக்கிறது, பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது.

கூலியாள் பாதிக்கப்பட்டால்

சிறு விவசாயிகள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி இதுவே. சிறு விவசாயி சில நாள் கூலிக்குப் போகிறார், சில நாள் கூலிக்கு ஆள் வைக்கிறார். ஆகவே இழப்பீடு கேட்பவராகவும் கொடுப்பவராகவும் அவரே ஆக நேரிடும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மின்சாரத்தாலோ இயந்திர விசையாலோ இயங்கும் கருவிகளைக் கொண்டு நடக்கும் விவசாய வேலையையும், குழாய்க் கிணறு அமைத்தல், பழுது பார்த்தல் போன்ற வேலைகளையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. ஒரு நாள் கூலிக்கு வந்தவர் என்று தட்டிக்கழிக்கவும் இடமில்லை. தற்காலிக ஆட்களுக்கு இருந்த விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இந்தப் பழைய சட்டம் அதனுள் அடங்கியது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டப்படியே கோரிக்கை.

தொகையைக் கணக்கிடும் முறை எளிது. மரணமாயின் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். முழு நிரந்தர ஊனமாயின் பாதிக்குப் பதில் 60 சதம். 25 வயதுக்குக் காரணி 216.91, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. நாள் ஒன்றுக்கு ரூ.300 வாங்கிய 40 வயதுக் கூலியாளை எடுத்துக் கொள்வோம். முப்பது நாளுக்கு ரூ.9,000. இதில் பாதி ரூ.4,500. இதை 184.17ஆல் பெருக்க ரூ.8,28,765 வருகிறது. அவர் உயிர் பிழைத்து, மின் தீக்காயத்தால் ஒரு கை மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால், முழு ஊனத் தொகையான ரூ.9,94,518இல் 60 சதம், அதாவது ஏறத்தாழ ரூ.5,96,700. மருத்துவச் செலவு தனி. ரூ.20,000 வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பது நம் ஊர் வழக்கம். இறப்புக்கான இழப்பீட்டில் இது இரு தரப்புக்கும் ஆபத்து. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். முன்பணமாகக் கொடுக்கும் மூன்று மாதச் சம்பளம் வரையிலான தொகை நீங்கலாக, குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது. நிலத்தை விற்றுப் பணம் கொடுத்த விவசாயியை, மறுபடியும் கொடு என்று உத்தரவிட இடமுண்டு. தொழிலாளியும் தன் உரிமையை எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது.

அவர் குடித்திருந்தார், சொன்னதைக் கேட்கவில்லை என்ற வாதங்களும் மரணத்திலும் முழு ஊனத்திலும் எடுபடுவதில்லை. தொகையை ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறினால் ஆண்டுக்கு 12 சதம் வட்டி; தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதம். பழைய சட்டத்தில் கோரிக்கைக்கான கெடு இரண்டு ஆண்டுகள். புதிய சட்டத்தின்படி கேட்பவர்களும் அதற்குமேல் தள்ளிப்போடாதிருப்பதே பாதுகாப்பு.

ஆள் வைத்து வேலை வாங்கும் விவசாயி இதைப் படித்துத் திகைக்க வேண்டாம். பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளில் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம் மோட்டார் கொட்டகையைச் சரிசெய்வது. முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இருந்தால் பெரும்பாலான சாவுகளைத் தவிர்க்கலாம்.

செராமிக் தொழிற்பேட்டை போன்ற இடங்களுக்கு வேலைக்குச் செல்லும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், தங்கள் ஆலை இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்துக்கு இ.எஸ்.ஐ. மூலம் உதவித்தொகை பெற வேண்டும். முதலாளியிடம் இழப்பீட்டுச் சட்டப்படி தனியாகக் கேட்க முடியாது.

சொந்த மோட்டாரில் விவசாயியே பாதிக்கப்பட்டால்

இங்கே வழக்குப் போட எதிராளி இல்லை. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் கைகொடுக்கும். இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சை வரை வைத்திருப்பவர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் உரிய திட்டம் இது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கு விபத்து மரண உதவியை ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்துவதாக 2025-26ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடமும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடமும் விவரம் அறியலாம். உறுப்பினர் அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள், ஆண்டுக்கு ரூ.20 பிரீமியத்தில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். ஆண்டுதோறும் ஜூன் 1ஆம் தேதிக்கு முன் கணக்கில் அந்த ரூ.20 இருக்க வேண்டும்.

காட்டுப்பன்றிக்காக மணிலா வயலைச் சுற்றி நேரடி மின்சாரம் பாய்ச்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது குற்றம். அதில் ஆள் இறந்தால், இழப்பீட்டோடு சிறைத் தண்டனையும் சேர்ந்து வரும்.

சேகரிக்க வேண்டிய சான்றுகள்

மெயினை நிறுத்தாமல் அடிபட்டவரைத் தொடக் கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. அறுந்து கிடப்பது மின்வாரியக் கம்பியானால் நெருங்காமல் மின்னகத்துக்கு (94987 94987) சொல்ல வேண்டும். கம்பியை அப்புறப்படுத்துமுன் தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் புதுக்கம்பி மாட்டிவிட்டால், பழைய கம்பியின் நிலையைச் சொல்ல வேறு சாட்சி இருக்காது.

போலீசில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும். பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்து உடலை எரித்துவிட்டால் எந்தத் திட்டத்திலும் பணம் வாங்குவது கடினம். மின் விபத்தை அரசின் மின் ஆய்வாளருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவரது விசாரணை அறிக்கைதான் வழக்கின் முதுகெலும்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்து அதன் நகலைக் கேட்கலாம். குடும்பத்தார் தரும் மனுக்களை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வயதுச் சான்று, கூலியைக் காட்டும் ஏதேனும் எழுத்து ஆகியவையும் தேவை. கூலிக்கு எழுத்து இல்லாவிட்டால் உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் உதவும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், தொழிலாளர்களுக்கும் வட்ட சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகிறது. நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம். அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம். கணவரை இழந்த பெண் தன் வருமானச் சான்றைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.