கிட்டை நாமே உருவாக்கலாமா?

கேள்வி: அரசு தந்த பழைய லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. அதிலுள்ள கிட் மிகப் பழையது. மூலநிரலிலிருந்து புதியதை நானே உருவாக்க முடியுமா?
– வாசகர், தொப்பூர்

பதில்: தாராளமாக முடியும். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்ய 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டின் நிரல் முழுக்கத் திறந்தே கிடைக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் வழி வந்தது. எனவே டெபியனுக்கான முறையே போதும்.

ஜிசிசி கம்பைலர், மேக் கருவி இரண்டும் வேண்டும். பலர் திணறுவது அடுத்த படியில்தான். ‘கர்ல்.ஹெச் இல்லை’ என்று மேக் பாதியில் நின்றுவிடும். கர்ல் லைப்ரரி கணினியில் இருக்கும். ஆனால் நிரலைத் தொகுக்க, பெயர் ‘டெவ்’ என முடியும் தனிப் பேக்கேஜ் தேவை. ஸீலிப், எக்ஸ்பாட், ஓப்பன்எஸ்எஸ்எல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ‘நோ_கர்ல்’ என்று கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கிட் உருவாகிவிடும், எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து எதையும் இறக்க முடியாது.

டெவ் பேக்கேஜ்களை நிறுவிய பிறகு மேக், மேக் இன்ஸ்டால், அவ்வளவுதான். இடம் எதுவும் குறிப்பிடாவிட்டால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ‘பின்’ என்ற இடத்தில் கிட் அமரும். சூடோ வேண்டாம், பழைய கிட்டும் கலையாது. முதல்முறை செய்பவருக்கு இந்த இடத்தையே சொல்வேன். ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப நுழைந்து, ‘கிட் வெர்ஷன்’ என்று தட்டுங்கள். பழைய எண்ணே வந்தால் பாத் அமைப்பில் அந்தப் ‘பின்’ முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.