வேப்பங்கொட்டை புழுவைத் தடுக்குமா? சோதித்துப் பாருங்கள்

காளஹஸ்திப் பக்கம் வேர்க்கடலை முக்கியமான பயிர். அதைத் தின்னும் புழுக்களில் ஒன்று புகையிலைப் புழு. தாய்ப்பூச்சி இலையில் குவியலாக முட்டை இடும். குஞ்சுப் புழுக்கள் பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்த புழுக்கள் பகலில் மண்ணில் ஒளியும். இரவில் இலையைத் தின்னும். இலை போனால் காய் பிடிக்காது. போட்ட பணமும் போகும்.

கடன் வாங்கி விஷ மருந்து அடிப்பவர் உண்டு. அந்த மருந்து, புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொல்லும். அடிப்பவரின் உடம்பையும் கெடுக்கும்.

1962-ல் டில்லியில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி பிரதான் குழுவினர், சில பயிர்களுக்கு வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்திருந்தார்கள். வெட்டுக்கிளிகள் அவற்றின் மேல் உட்கார்ந்தன. ஆனால் தின்னவில்லை!

காரணம், வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள். அது பட்ட இலையைப் பல புழுக்கள் வெறுக்கும். தின்றாலும் சரியாகத் தோல் உரிக்க முடியாமல் சாகும்.

நீங்களே சோதிக்கலாம்.

1. 50 கிராம் வேப்பம்பருப்பை இடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் துணியில் வடிகட்டுங்கள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேருங்கள்.

2. சில இலைகளை இதில் நனையுங்கள். வேறு சில இலைகளை வெறும் சோப்புத் தண்ணீரில் நனையுங்கள். ஈரம் காய்ந்ததும் தனித்தனி டப்பாக்களில் போடுங்கள்.

3. இரண்டிலும் பத்துப் பத்து சிறு புழுக்களை விடுங்கள். மெல்லிய துணியால் மூடுங்கள்.

4. தினமும் பாருங்கள். எவ்வளவு இலை தின்றன? எத்தனை செத்தன? நோட்டில் எழுதுங்கள்.

இரண்டு டப்பா ஏன்? புழு தானாகவும் சாகலாம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வேம்பின் வேலை தெரியும்.

வயலுக்கு, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு வேண்டும். மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் வேம்பின் சக்தி குறையும். புழு சிறிதாக இருக்கும்போதே தெளியுங்கள். பெரிய புழு எளிதில் அடங்காது. முட்டைக் குவியல் உள்ள இலைகளை முன்பே கிள்ளி அழியுங்கள். நான்கு சால் தெளிக்காமல் விட்டு, ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. செடியில் இருந்து வருவது எல்லாம் தீங்கற்றது அல்ல. புகையிலைச் சாறு மனிதருக்கும் விஷம்.

திருப்பதியில் வட்டார வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால், எழுதிய நோட்டோடு அங்கே போய்க் கேளுங்கள். கணக்கு கையில் இருந்தால் கேள்விக்கும் பலம் உண்டு.